எடுத்துக்கொள்ளும் என்று நான் கேட்ட ஜெபம்

இதை எழுத எனக்குப் பல வருஷமாகத் தைரியம் வரவில்லை. எங்கள் சபையில் சாட்சி நேரத்தில் சுகமானவர்கள்தான் எழுந்து நிற்பார்கள். என் சாட்சியில் சுகமானவள் நான். யாருக்காக ஜெபித்தேனோ அவர் இன்று இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் படிப்பும் அதிகம் கிடையாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பெங்களூர் மர்பி டவுனில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தேவராஜ் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கியது. "ரைட்." பசிக்கிறதா என்றால் ரைட். வலிக்கிறதா என்றாலும் ரைட்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் தூக்குவேன். அக்குளில் கை கொடுத்து, "போலாமாங்க?" என்று கேட்பேன். "ரைட்" என்பார். அப்புறம்தான் தூக்க வேண்டும். அவர் சொல்லும் முன்னே தூக்கினால் கோபம் வந்து இடது கையால் தட்டிவிடுவார்.

தூக்கித் தூக்கி என் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம் வந்தது. படுத்து அழுத்தினால் உள்ளே போகும். எழுந்தால் வெளியே வரும். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினேன். நான் படுத்துவிட்டால் அவரை யார் தூக்குவார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போது அந்த வீக்கம் கல்லாகிவிட்டது. உள்ளே போகவில்லை. வாந்தி எடுத்து வாசலிலேயே சுருண்டு விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஹெர்னியா, இனியும் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டரம்மா. "பயப்படாதீங்கம்மா. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, உள்ள வலை வச்சுச் சரி பண்ணிடுவோம்."

"சின்ன ஓட்டைதானே டாக்டர்? வீட்டுக்குப் போனதும் அவரத் தூக்கலாமா?"

"வெளியிலதாம்மா சின்ன ஓட்டை. உள்ள ஆறணும். நான் சொல்ற வரைக்கும் தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாது."

எனக்கு உலகமே இருண்டது. வீட்டில் அவருக்குத் துணையாக என் தங்கை இருந்தாள். அவளுக்கும் தூக்கும் அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னால் இனி அவரைத் தூக்க முடியாது. நீரே எடுத்துக்கொள்ளும்."

பக்கத்துக் கட்டில் அம்மா பதறிப்போனார். "ஐயய்யோ சிஸ்டர், என்ன கேக்குறீங்க! எடுத்துக்கோன்னா ஆளையே எடுத்துக்கப் போறாரு. தூக்குறதுக்கு ஒரு ஆள அனுப்புன்னு கேளுங்க. நம்ம பெங்களூர் தமிழு, அவருக்கே குழம்பிடப் போகுது."

அழுகையோடு சிரித்துவிட்டேன். அவர் சொன்னபடியே மாற்றிக் கேட்டேன். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது தோள்பட்டையெல்லாம் வலி. ஆபரேஷனுக்காக வயிற்றில் அடைத்த காற்றினால் அப்படி இருக்கும் என்றார்கள். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்வேன். அவரோ படுக்கையை நனைத்துக்கொண்டு, வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். நானும் தங்கையும் அழுதபடி நின்றோம்.

அப்போது கதவைத் தட்டினார் நஞ்சுண்டப்பா அண்ணன். என் வீட்டுக்காரர் போன பஸ்ஸுக்கு டிரைவராக இருந்த கன்னடக்காரர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்திருந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் பத்திரிகையை அலமாரி மேல் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

"யோச்னே மாடபேடா, கவலப்படாத தங்கச்சி, நான் இருக்கேன்" என்றவர், கட்டிலுக்குப் போய், "ஏன் கண்டக்டர் சார், வண்டி எடுக்கட்டுமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். ஆனால் பழைய சத்தம். "ரைட்!"

டாக்டரம்மா எனக்கு அனுமதி கொடுக்கும் வரை, கல்யாண வேலைக்கு நடுவிலும், காலையும் மாலையும் வந்து தூக்கினார். ஜெபத்துக்குப் பதில் இவ்வளவு சீக்கிரம் வருமா என்று ஆண்டவரைத் துதித்தேன். வயிறு நன்றாக ஆறிய பிறகு முதல் தடவை நானே தூக்கினேன். அவர் என் தோளில் தலை வைத்து, மெதுவாக "ரைட்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருந்து கேட்கவில்லை. ஒரு மத்தியானம் தலையை என் மடியில் வைத்திருந்தேன். யாரும் அவரைத் தூக்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. வாசல் பக்கம் பார்த்து, தெளிவாக, "ரைட்" என்றார். "எங்கங்க?" என்றேன். மூச்சு இல்லை.

நான் முதலில் கேட்ட ஜெபம்தான் பலித்துவிட்டது என்று மார்பில் அடித்துக்கொண்டேன். நீரே எடுத்துக்கொள்ளும் என்று என் வாய்தானே கேட்டது? கல்லறையில் நஞ்சுண்டப்பா அண்ணனிடம் மட்டும் சொல்லி அழுதேன். பெட்டியைச் சுமந்து வந்த தோளைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நீ சொன்னா வண்டி எடுக்க மாட்டாங்க தங்கச்சி. பாசஞ்சர் ஆயிரம் சொல்லுவாங்க. கண்டக்டர் ரைட் சொன்னாதான் எடுக்கறது."

அந்தச் சொல் எனக்குள் இறங்கவே இத்தனை வருஷமாயிற்று. என் ஆண்டவர் அவரைப் பறித்துக்கொண்டு போகவில்லை. என் வீட்டுக்காரரே "ரைட்" சொல்லும் வரை காத்திருந்தார். இப்போது நான் ஜெபத்தில் வார்த்தை தேடுவதில்லை. என் வீதியில் படுக்கையாய்க் கிடப்பவர்களிடம் போகிறேன். தூக்க இன்னொரு கையைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். "போலாமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே கை கொடுக்கிறேன்.

பாரத்தோடு இதை வாசிக்கிறவர்களே, வாய்க்கு வந்தபடி ஆண்டவரிடம் அழுங்கள். தவறாகக் கேட்டாலும் அவருக்குப் புரியும். இதை மற்றவர்களுக்கும் கொடுங்கள். ஆனால் கேட்பவர்கள் சந்தோஷப்படட்டும் என்று கடைசியில் என் வீட்டுக்காரர் எழுந்து நடந்ததாக மாற்றிவிடாதீர்கள். அவர் நடக்கவில்லை. "ரைட்" என்றார், போனார். அப்படியே சொல்லுங்கள்.