சந்தனம் வைத்த ஏர் ஃபில்டர்

மாலை ஐந்தேகாலுக்கு எனக்குப் படபடப்பு ஆரம்பித்தது. சிங்கம்புணரி போன மகன் ஐந்து மணிக்கே வந்திருக்க வேண்டும். அன்று காலையில்தான் அவனுடைய குரூசர் பைக்கில் கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டியிருந்தோம். வேகம் கூடும் என்பது அவன் ஆசை, என் பயமும் அதுதான்.

காலையில் காரைக்குடியில் உதிரிபாகக் கடைக்காரர் இரண்டு ஃபில்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று டப்பாவுக்குள் அடங்கியது, மற்றது வேகம் கூட்டுவதற்காகக் காளான் மாதிரி வெளியே துருத்தி நிற்பது. கட்டையான மனிதர். நகக்கண்ணெல்லாம் சந்தனம். எதை விற்றாலும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் கையில் கொடுப்பார்.

"எது நல்லதுங்க?" என்றேன்.

"தம்பிக்கு வெளிய நிக்கிறது. உங்களுக்கு டப்பா, டீச்சர்."

"ஓட்டப்போறது நான்தானே அண்ணே?" என்றான் மகன்.

"முழிச்சுக்கிட்டு வாசலப் பாக்கப்போறது அவுகளாச்சே."

அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துக் காளானுக்கே தலையாட்டினேன். அவர் அதன் வலை முழுக்கச் சந்தனத்தை அப்பி நீட்டினார்.

இருட்டுகிற நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்பக்கத்தில் ஏற்றியிருந்த பைக். மகன் முழுசாக இறங்கினான். வழியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குத்தான் போன் செய்து வேனை வரவழைத்தானாம்.

"போறப்பவே நாப்பதத் தாண்டலம்மா. வரும்போது நின்னே போச்சு. எல்லாம் சந்தனம் அடைச்சுக்கிட்டது" என்றான்.

அவனுக்குப் பின்னால் கடைக்காரர் இறங்கினார். அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"இம்புட்டுச் சந்தனம் எதுக்குங்க வச்சீக?"

"எப்பவும் ஒரு பொட்டுத்தான் டீச்சர். காலையில உங்க முகத்தப் பாத்தேன், கை தானா கூட வச்சிருச்சு."