பச்சை உடம்புக்கு ஒரு காஸ் ஹீட்டர்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி, பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகாத என் மகள், அவளுடைய பெண்குழந்தை, முந்தின நாள் சல்லி என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்திறங்கிய மனைவியின் அக்கா, கிண்ணியாவிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்த காஸ் அடுப்புத் திருத்துகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்களுக்கு நானா. கைபேசிக்குள் மருமகன். அவர் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறவர். எந்தக் கடலில் நிற்கிறீர்கள் என்று கேட்டால் “நடுவில” என்பார்.

ஆட்களை இப்படி எண்ணுவது தொழிற் பழக்கம். துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் மூட்டை எண்ணுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த வேலை நிலைத்ததற்குக் காரணம், எண்ணியதைத் திரும்ப ஒருமுறை எண்ணாவிட்டால் எனக்கு நித்திரை வராது. இதை வீட்டில் ஒரு நோய், வருத்தம் என்கிறார்கள். களஞ்சியத்தில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஹீட்டர் மருமகனின் யோசனை. தன் மனைவிக்காக யாரும் வாளியில் சுடுதண்ணீர் காவக்கூடாது என்று கப்பலில் இருந்தபடியே காசு கட்டி அனுப்பினார். கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து குசினிச் சுவரில் பூட்டினார்கள். ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் நீல நெருப்பு, பெட்டியின் தலையிலிருந்து கிளம்பிச் சுவரைத் துளைத்து வெளியே போகிற வெள்ளி நிறப் புகைக்குழாய். அந்தக் குசினியை அடுத்த அறையில்தான் மகளும் குழந்தையும் படுக்கப் போகிறார்கள். நெருப்பு அணைந்து காஸ் மட்டும் வந்தால் என்ன நடக்கும் என்று பூட்டினவர்களிடம் கேட்டேன். தானாகவே பூட்டிக்கொள்ளும் என்றார்கள். பூட்ட மறந்துவிட்டால்? அது மறக்காது, ஐயா என்றான் ஒருவன். மறக்காத எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அதன்பிறகு வேலைக்குப் போகிற வழியில் லிங்கநகர்ச் சந்தியிலிருந்து திரும்பி வந்து சிலிண்டரைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டுப் போவது வழக்கமானது. “சிலிண்டரையும் சைக்கிளில கட்டிக்கொண்டு போங்கோவன், ரெண்டு பேருக்கும் நிம்மதி” என்றாள் மனைவி.

மனைவியின் அக்கா, என் மச்சாள், கொண்டுவந்தது ஒரு மூட்டை பால்சுறாக் கருவாடு, இன்னொரு மூட்டை நொச்சியும் பாவட்டையும் ஆமணக்கிலையும், இவற்றோடு தன்னுடைய சட்டதிட்டங்கள். பிள்ளை பெற்றவள் பச்சை உடம்பு. அவள்மேல் வாடைக்காற்று படக்கூடாது. காதில் பஞ்சு, தலையில் துணி. ஜன்னல்கள் அவர் வந்த உடனேயே சாத்தப்பட்டன. ஹீட்டரை அவர் மனிதராகவே மதிக்கவில்லை. இலை போட்டு அவிக்காத தண்ணீர் வெறுந்தண்ணீர் என்றார். கடைசியில் ஓர் உடன்படிக்கை வந்தது: இலையை ஒரு பானையில் கறுக்கக் கறுக்க அவிப்பது, மிச்சச் சுடுதண்ணீரை ஹீட்டர் கொடுப்பது. இரண்டு அரசாங்கமும் கையெழுத்திட்டது போல எல்லோருக்கும் திருப்தி.

மறுநாள் வெயில் கொஞ்சம் ஏறினதும் மகளுக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசிக் குளியலறையில் இருத்தினார்கள். ஹீட்டர் பற்றிக்கொண்டது. சில நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ‘டக்’ என்று நின்றது. குழாயில் பச்சைத் தண்ணீர் வந்து மகளின் முதுகில் விழுந்தது. அவள் அப்போது சொன்ன வார்த்தைகளை எங்கே பழகினாளோ தெரியாது. கப்பற்காரரைக் கட்டினால் வந்துவிடும் போல.

பெட்டியின் முகத்தில் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் சிவப்பாகச் சிமிட்டின. மருமகனை வீடியோவில் எடுத்துக் காட்டினேன்.

“மாமா, புகைக்குழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடாகுது எண்டு சொல்லுது அது. ஒருக்கால் கையை வைச்சுப் பாருங்கோ.”

வைத்துப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு விரல் சுட்டுப் பொக்களித்தது. முதலிலேயே தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பேன்.

நிறுத்தி, பொறுத்து, மறுபடி போடச் சொன்னார். போட்டேன். ஓடியது, நின்றது, அதே இலக்கம் வந்தது. தண்ணீர் வருகிற வழியில் ஒரு சல்லடை இருக்கும், அதைக் கழற்றிக் கழுவச் சொன்னார். கழுவினேன், ஓர் எறும்பு இருந்தது, அதுவும் உயிரோடு. அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தபோது கடல் அவரை இழுத்துக்கொண்டு போனது. திறந்த வாயோடு படம் உறைந்து நின்றது.

அதன்பிறகுதான் நானாவைக் கூப்பிட்டோம். எந்த வேலையையும் சின்ன வேலை என்று சொல்லித் தொடங்குவது அவருடைய வழக்கம். பெட்டியின் மூடியைக் கழற்றி, டொக்டர் மாதிரிக் காது கொடுத்துக் கேட்டு, புகைக்குழாயின் சூட்டைப் பார்க்கிற சென்சர் செத்துவிட்டது என்றார். நல்லகாலம், புதியது ஒன்று பையிலேயே இருந்தது. பைக்கற்றைக் கிழித்து மாற்றினார். ஹீட்டர் ஓடியது. நானா எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஹீட்டர் நின்றது. அதே இலக்கம். யாரோ தன்னிடம் நேருக்கு நேர் பொய் சொன்னதைப் போல நானா அதைப் பார்த்தார்.

மச்சாள் விறகடுப்பைக் காட்டினார். விறகு மாரி மழையில் ஊறிக் கிடந்தது. இலைப்பானை ஆறிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள்ளிருந்து மகள், மஞ்சள் காய்ந்து முகம் இழுக்கிறது, சிரிக்கவும் ஏலாது அழவும் ஏலாது என்றாள்.

நானா குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு அண்ணன். இந்தச் சென்சர்ர ரெண்டு வயரையும் ஒண்டாச் சேத்து முறுக்கி விட்டா அது வாய் திறக்காது. தண்ணி தன்பாட்டில வரும்.”

எல்லோருக்கும் அது பிடித்தது. ஹீட்டரை மதிக்காத மச்சாளே முறுக்கச் சொன்னார். எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றேன். நானா இரண்டு வயரையும் விரல்களில் பிடித்தபடி நின்றார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றேன்.

“விடுங்கோ அவரை” என்றாள் மனைவி. “தாலி கட்டேக்கயே முடிச்சு கூடுதலா இறுகினா கழட்ட ஏலாது எண்டு பயந்த மனுசன் நீங்கள். உங்கட பயத்துக்குப் பிள்ளை விறைச்சுப் போய் இருக்கிறதோ?”

எனக்குச் சென்சரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூட்டையைப் பற்றித் தெரியும். களஞ்சிய வாசலில் மூட்டை குவிந்தால் எண்ணுகிறவனை மாற்றிப் பிரயோசனமில்லை. வெளியே லொறி நகராமல் நிற்கிறது என்று அர்த்தம். குழாய் சூடாகிறது என்றால் சூடு வெளியே போகவில்லை. ஒருக்கால் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை முறுக்காதீர்கள் என்று நானாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டின் பின்பக்கம் சேறு. புகைக்குழாயின் வெளிவாய்க்கு நேர் கீழே ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, யாரோ ஏறி நின்றது போல. குழாயின் வாய்க்குள் நீலக் கட்டம் போட்ட துணி. நான் உடுத்துவிட்டுப் போட்ட பழைய சாரம். ஓரங்கள் பழுப்பாகிக் கருகத் தொடங்கியிருந்தன. பொக்களித்த விரல்களாலேயே இழுத்தேன். முழுச்சாரமும் வெளியே வந்தது, அதன் பின்னால் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு வெக்கை.

சாரத்தைக் குசினிக்குள் கொண்டுபோய்க் காட்டினேன். மச்சாள் கூச்சப்படவில்லை.

“ஓம், நான்தான் அடைச்சனான். வீட்டில எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு, அது ஒண்டுதான் ஆவெண்டு கிடந்தது. அதால வாடை வராதோ?”

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். சுவரின் மேலிருந்த காற்றுத் துவாரங்கள், ஜன்னல் இடுக்குகள், கதவில் சாவி போடுகிற திறப்புத் துவாரம், மின்வயர் வருகிற ஓட்டை, எல்லாவற்றிலும் கந்தைத் துணி. குசினியிலும் அப்படி, குழந்தையின் அறையிலும் அப்படி. ஓர் எறும்புக்கு மூச்சுவிட இடமில்லை.

நானா வயர்களை விட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். வயரை முறுக்கியிருந்தால் புகை முழுவதும் உள்ளுக்குள்தான் திரும்பியிருக்கும், அது ஆளைக் கொல்லுகிற புகை, அதற்கு மணமே கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுது எண்டுதான் நாமெல்லாம் நினைச்சிருப்பம்” என்றார்.

எனக்கு நடுக்கம் அதன்பிறகுதான் வந்தது. நினைத்து நினைத்துப் பயந்தபோதெல்லாம் நடுங்காத கால், பயந்த விஷயம் நடக்காமல் போனதும் நடுங்கியது. மனைவி சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணீர் தந்தாள். மச்சாள் அறை அறையாகப் போய்த் துணிகளைப் பிடுங்கினார். திறப்புத் துவாரத்தில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டார். அதால் புகை போகாது, வாடை மட்டும்தான் வரும் என்று ஒரு கணக்கு.

ஹீட்டர் நிற்காமல் ஓடியது. மகள் ஆவி பறக்கக் குளித்தாள். குழந்தை இந்தக் கூத்து எதற்கும் கண் திறக்கவில்லை. அதன் மூக்குக்கு நேரே என் கையை வைத்து மூச்சைப் பார்த்தேன், திரும்ப ஒருமுறையும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கணக்கு. வந்து போன கூலி இரண்டாயிரம், சென்சர் நாலாயிரத்து ஐந்நூறு. கடலிலிருந்து மீண்ட மருமகன், பழைய சென்சர் பழுதே இல்லை, புதியதற்கு ஏன் காசு என்றார். கிழித்த பைக்கற்றைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான் என்றார் நானா. புதியதற்கும் காசு தருகிறேன், பழையதையே திரும்பப் பூட்டுங்கள் என்றேன். என் பேத்திக்காக வாய் திறந்தது அது. நானா கூலியில்லாமல் பூட்டித் தந்தார். போகும்போது என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய், வயர் முறுக்குகிற கதையை நான் வெளியில் சொல்லாவிட்டால் சென்சரின் விலையைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னார். ஒரு சதமும் குறைக்க வேண்டாம், இனி எந்த வீட்டிலும் முறுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். கையிலிருந்த மூவாயிரத்தைக் கொடுத்தேன். மிச்சத்தைச் சம்பளத்தன்று தருவதாகச் சொன்னேன்.

குறைப்பை வாங்காதபடியால் இந்தக் கதையை எழுதுகிறேன். நானாவுக்கு இன்னும் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.