என்ஜின் அவருடையது, கார் என்னுடையது

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு, வளவு, கிணறு, வயல் எல்லாம் பெண்ணின் பெயரில் இருக்கும். என் கணவரும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு நாவற்குடாவிலிருந்து ஆரையம்பதிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாமி மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் மச்சான். கலியாணத்துக்குப் பிறகும் அப்படியேதான் கூப்பிட்டேன். ஊரில் மற்றப் பெண்களுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குச் சீதனத்தில் கிடைத்தது. ஒரு கார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனதை அப்பா வாங்கி, கொஞ்சக் காலம் வாடகைக்கு ஓடவிட்டு, பிறகு வீட்டோடு சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனாலென்ன, வயல் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் உழத் தெரியுமா?

ஓட்டியது மச்சான். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டிப் புளியந்தீவுப் பட்டணத்துக்குப் போவார், பின்னேரம் திரும்பி வருவார். அரசாங்கக் கச்சேரிக்கும் வழக்கென்று கோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் எங்கள் வாசல் கடப்படியில் வந்து காத்து நிற்பார்கள். நான் உள்ளே இருந்து பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

காருக்கு வயது போனது. என்ஜின் எண்ணெயைக் குடித்துவிட்டுப் புகையாகக் கக்கியது. எங்கள் ஒழுங்கையில் நுளம்புக்கடி இல்லாமற்போனது அந்தக் காரின் புண்ணியம் என்று பக்கத்து வீட்டார் சொல்லிச் சிரித்தார்கள். பாலம் வருவதற்குள் இரண்டு தரமாவது நின்றுவிடும். ஏறி வந்தவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளிய வாத்தியார் ஒருவர், "காசும் குடுத்துக் காரும் தள்ளுறம்" என்று சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மச்சான் காத்தான்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் அவரைக் காக்கா என்போம். காக்கா பொனட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, விரலில் எண்ணெயைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, இதையே கழற்றி, தேய்ந்ததை மாற்றித் திருத்துவது. எத்தனை நாளைக்கு ஓடும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். மற்றது, வேறு என்ஜின் போடுவது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், நிலபுலமுள்ள போடியார் ஒருவரின் கார்மேல் பாலை மரம் விழுந்து கூரை நசுங்கிக் கிடந்தது. எங்கள் காரின் இனம்தான். என்ஜினுக்கு ஒரு கீறலும் இல்லை.

"கார் ஆர்ட? அவங்கதான் முடிவு சொல்லணும்" என்றார் காக்கா.

மச்சான் என்னைக் காட்டி, "அவட" என்றார்.

நான் திருத்தச் சொன்னேன். மச்சான் மாற்றுவோம் என்றார். என் வயலைப் பார்த்ததோடு நில்லாமல், வேறொரு வயல் வட்டையில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துத் தன் கையால் வேளாண்மை செய்திருந்தார். அந்த நெல் அவருடைய தாய் வீட்டில் கிடந்தது. அதை விற்று என்ஜின் வாங்கலாம் என்பது அவருடைய கணக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா வேறு அடுப்படியில் வைத்து ஓதிவிட்டார்: "கார்ர உசிரே என்ஜின்தான் புள்ள. அத அவர் வாங்கிப் போட்டா, மறுகா கார் ஆர்ட?" சீதனம் பெண்ணுடையது. கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்ப்பது தேட்டம், அதில் புருஷனுக்கும் உரிமை உண்டு. பாதி சீதனமும் பாதி தேட்டமுமாக ஒரு காரை நான் எங்கும் கண்டதில்லை. என் தேங்காய்க் காசில் திருத்தச் சொல்லிவிட்டேன்.

காக்காவும் பழுதில்லாமல் வேலை செய்தார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாகிவிட்டது. ஒருநாள் கலியாண மாப்பிள்ளை ஒருவரை ஏற்றிக்கொண்டு போகையில் நட்டநடுப் பாலத்தில் நின்றது. நேரம் தப்பிவிடும் என்று மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளினார். வெள்ளை வேட்டியோடு இறங்கியவர் கரிமூட்டைக்காரர் போலப் பெண் வீட்டுக்குள் நுழைந்தாராம். பெண்ணின் தாய் அவரை அடையாளம் காணாமல், மாப்பிள்ளை எங்கே என்று அவரிடமே கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மச்சான் சிரிக்கவில்லை. கிணற்றடியில் குந்தியிருந்து கையிலிருந்த கரியைத் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். திருத்தினதுக்கு என்ன குறை, இன்னுமொரு தரம் திருத்துவோம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"இந்த வளவுக்குள்ள நான் நட்டது ஒரு முருங்கக் கம்பு. அதுவும் உன்ட மண்ணில. என்டது எண்டு தொட்டுக் காட்ட ஒரு என்ஜினாவது இரிக்கட்டும், புள்ள."

அவர் புகைக்காகவும் மாப்பிள்ளையின் வேட்டிக்காகவும் என்ஜின் கேட்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கதவு, கட்டில், உரல், பசு எல்லாம் எங்கள் வீட்டுடையவை. அவர் கொண்டுவந்த தகரப் பெட்டிமேல்கூட என் சேலைகள்தான் கிடந்தன. உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "சரி, மாத்துங்க. என்ஜின் உங்கட. மத்ததெல்லாம் என்ட" என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, என்ஜினை வாவி கடத்திக் கொண்டுவந்தார்கள். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பதைக் கண்ணால் பார்க்க ஊரே கரையில் திரண்டது. மச்சான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தோணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். கன்றுக்குட்டியைக் கூட்டிவருகிறவர் போல என்ஜினோடு ஏதோ கதைத்துக்கொண்டு வந்தார்.

புது என்ஜின் புகைக்கவில்லை, நிற்கவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு புதுக் கதை தொடங்கியது. டயரில் காற்றுப் போனால், "உன்ட டயர்" என்பார். தண்ணீர் கொதித்தால், "உங்கட என்ஜின்" என்பேன். காரில் ஏறுகிறவர்களுக்கும் இது தெரிந்துவிட்டது. இன்றைக்கு யாருடைய பக்கத்தில் நோய் வருத்தம் என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

ஒரு தரம் சண்டை பெரிதானது. தன் தாய் வீட்டு ஆட்கள் முழுப்பேரையும் அவர் காசில்லாமல் கோயில் திருவிழாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். என் காரில் யாரைக் கேட்டு ஏற்றினீர்கள் என்றேன். ஆட்களை இழுத்தது தன் என்ஜின்தானே என்றார். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் விழுந்தது. முன்னால் செருகிச் சுழற்றிக் காரைக் கிளப்பும் ஹேண்டிலை அதன் ஆணியில் ஒழுங்காக மாட்டிவிட்டு, நடந்தே நாவற்குடாவுக்குத் தாய் வீடு போய்விட்டார். ஹேண்டில் காரோடு வந்த சாமான், ஆகவே என்னுடையது. கோபத்திலும் அந்த மனிதருக்கு எது யாருடையது என்பது தவறவில்லை!

விடிய ஆட்கள் வழக்கம்போலக் கடப்படியில் வந்து நின்றார்கள். என் கார் என் வளவில், அதற்குள் அவருடைய என்ஜின், என் கையில் என் ஹேண்டில். ஒன்றும் நடக்கவில்லை. வெட்கத்தை விட்டு, பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் ஏறி நாவற்குடாவுக்குப் போனேன். மச்சான் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹேண்டிலை அவர் முன்னால் வைத்தேன்.

"ஆட்கள் நிக்கிறாங்க. உங்கட என்ஜினும் தனியக் கிடக்கு. வாங்க மச்சான்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சான் புட்டை முடித்து, கை கழுவி, ஹேண்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வழி முழுக்க நாங்கள் இருவரும் மாட்டின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அன்றைக்கு நானும் காரில் ஏறிக்கொண்டேன். காத்து நின்றவர்கள் எல்லோரும் ஏறி, ஒருவரும் இறங்க மாட்டோம் என்றதால் கார் நிறைந்து வழிந்தது. பாலத்தடியில் புதிதாக வந்த பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். தலைகளை எண்ணிப் பார்த்தார், எண்ணிக்கை பிசகவே அதை விட்டுவிட்டுக் கேட்டார்.

"கார் ஆர்ட?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். எத்தனையோ தரம் அவர் சொன்ன 'அவட' என்ற பதில்தான். அவர் வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன்.

"எங்கட."

மச்சான் ஸ்டியரிங்கை ஒருதரம் தடவினார். பிறகு பொலிஸ்காரரைப் பார்த்து மெத்தப் பணிவாகச் சொன்னார்:

"ஓம் ஐயா, எங்கடதான். டயர் நாலும் மட்டும் அவட."