எந்த வூட்டுப் பக்கம்?

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, டிவியையும் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் என் வண்டி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல், "பழைய ஆயிலை என்ன பண்ணுவீங்க?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். சலூனில் போய், வெட்டின முடியை என்ன செய்வீர்கள் என்று விசாரிக்கிற ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "தெரியல சார்" என்றார்.

எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது. ஒரு காலத்தில் என் வண்டியிலிருந்து இறங்கின எண்ணெய் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் எந்தக் கம்பத்துக்குப் போனது என்பது வரை எனக்குத் தெரியும். யாரோ கதவைத் திறந்தார்கள். சூடான பழைய ஆயிலின் வாசனை உள்ளே வந்தது. நல்ல வாசனை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து போக மனசு வரவில்லை.

அப்போது ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் குடியிருந்தேன். மலையில் விளையும் புளியையும் சாமையையும் ஏற்றிக்கொண்டுபோய் ஆலங்காயத்தில் இறக்குவது என் பிழைப்பு. அதற்கு ஒரு பழைய லாரி. கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. மேட்டில் ஏறும்போது பெருமூச்சு விடும், இறக்கத்தில் முனகும். சொந்தமாக ஒரு ஸ்பானர் செட் இருந்ததால் நான் என்னை மெக்கானிக் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயில் மாற்றுவதற்கெல்லாம் மலை இறங்குவதா என்று ஒரு வீறாப்பு.

ஆயில் மாற்ற வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் பழசு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். மலைக்குக் குடிபோன பிறகுதான் சமதளம் என்பது எவ்வளவு அபூர்வமான பொருள் என்று தெரிந்துகொண்டேன். என் வாசல் சரிவு, தெரு சரிவு, கோயிலுக்கு முன்னாலும் சரிவு. ஊரில் எங்கள் பக்கத்தில் தட்டையாக இருந்தது ஒன்றே ஒன்று. என் வீட்டுக்கும் எதிர்வீட்டுப் பச்சையம்மாளின் வீட்டுக்கும் நடுவில் இருந்த அவருடைய களம்.

சாணம் போட்டு மெழுகி, உள்ளங்கை போல வைத்திருப்பார். அதில் யாரும் செருப்புக் காலோடு ஏறக் கூடாது. கதிர் அடித்துக் கிடைக்கிற முதல் முறம் சாமை சாமிக்குப் போகிற இடம். அங்கே லாரியை ஏற்றட்டுமா என்று கேட்க எனக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும்! காலையில் ஆரம்பித்துக் கெஞ்சினேன். அவருடைய கொட்டகைக் கம்பங்களைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. கம்பங்களில் பூச அந்தக் கறுப்பு எண்ணெய் முழுவதும் உங்களுக்கே என்றதும் கொஞ்சம் இறங்கிவந்தார்.

"சரி. உன் வண்டி செருப்பைக் கழட்டுமா தம்பி?"

டயரைத்தான் சொல்கிறார். கழற்ற முடியாது என்றேன். "அப்ப கழுவிக்கினு வரச் சொல்லு" என்றார். நாலு பக்கமும் தேய்த்துக் கழுவி, சாணித் தண்ணீரும் தெளித்து ஏற்றினேன். "ஒரு சொட்டு கீழ வுழக்கூடாது. நாளைக்குக் கதிர் அடிக்கிறேன். வானத்தப் பாத்தியா?" என்றார். பார்த்தேன். கலசப்பாக்கத்துப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. களத்து ஓரத்தில் அவருடைய வருஷச் சாப்பாடு போராகக் குவிந்திருந்தது. களம் கெட்டால் மறுபடி மெழுகி அது காய்வதற்குள் மழை வந்துவிடும், நனைந்த சாமை முளைத்துவிடும்.

இன்ஜினைச் சூடாக்கிவிட்டு அடியில் படுத்தேன். தகர டின்னை நீளவாக்கில் வெட்டிச் செய்த தொட்டியை, தன் எண்ணெய் ஆயிற்றே என்று பச்சையம்மாளே ஒரு குச்சியால் நகர்த்தி வைத்தார்.

"ஏன் தம்பி, கொதிக்கக் கொதிக்கத்தான் எடுக்கணுமா?"

"ஆறிட்டா கெட்டியாய்டும்க்கா, நெய் மாதிரி."

"நெய்யின்றே. வெளக்கு எரியுமா?"

எனக்குத் தெரியாது. (பிற்பாடு அவரே ஏற்றிப் பார்த்தார். மாடுகள் எல்லாம் தும்மின.)

போல்ட்டைக் கழற்றினதும் எண்ணெய் என் வீட்டுப் பக்கமாகப் பீறிட்டது, எதிர்பார்த்ததைவிட ரொம்பத் தள்ளி. தொட்டியின் விளிம்பைத் தாண்டிவிடும் போல இருந்தது. "வூட்டுப் பக்கம் தள்ளுங்க்கா!" என்று கத்தினேன். அவரும் பதறிப்போய் வீட்டுப் பக்கமே தள்ளினார். தன் வீட்டுப் பக்கம். வீடு என்றால் யாருக்கும் அவரவர் வீடுதானே முதலில் ஞாபகத்துக்கு வரும்?

நான் கையை நீட்டித் தொட்டியை இழுப்பதற்குள் மெழுகின தரையில் முறம் அகலத்துக்குக் கறுப்பாகப் பரவிவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வர எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே பயந்தேன். அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அசையவே இல்லை.

"எந்த வூடுன்னு சொல்ல வேணாவா?" என்றார் கடைசியில். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, குரல் மாறிவிட்டது. "சரி, எழுந்து வா. சாமிக்கு எண்ணெ ஊத்துறதில்லியா? இது உன் வண்டி சாமிக்கு ஊத்துச்சுன்னு வெச்சிக்கலாம்."

அரிவாளால் அந்த மண்ணைச் சுரண்டி எடுத்தோம். புதுமண் போட்டுத் தட்டி, அந்த இடத்தை மட்டும் மெழுகினார். மறுநாள் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் கதிர் அடித்தார்கள். கடைசி மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்த பிறகுதான் மழை பெய்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த வருஷம் பச்சையம்மாளே வந்து கூப்பிட்டார். "களம் மெழுவிட்டேன். வண்டியக் கழுவிக்கினு வா." ஆயில் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்றேன். "அதெல்லாம் இல்ல, அதே எடத்துல ஒரு சொட்டு வுழணும். போன வருஷம் எவ்ளோ மூட்ட கண்டுச்சு, பாத்த இல்ல?" லாரி இருந்தவரை வருஷா வருஷம் இது நடந்தது. வேறு ஊர்க்காரர்கள்கூட விசாரித்தார்கள்.

அவர் உண்மையிலேயே நம்பினாரா, அல்லது அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க நினைத்த போதெல்லாம் கேட்டால் கெட்டுவிடும் போல இருந்தது. லாரி பழைய இரும்புக்குப் போயிற்று. நானும் மலையை விட்டு இறங்கிவிட்டேன். பச்சையம்மாள் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. களம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு.

போன ஐப்பசியில் அந்தப் பக்கம் போனபோது தார் ரோட்டின் குறுக்கே சாமைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். பிரேக் போட்டு நின்றுவிட்டேன். ஓரத்தில் நின்ற ஒரு பெண் கையை ஆட்டினாள்.

"இன்னா சார் நின்னுட்டீங்க? ஏறிப் போங்க! வண்டி ஏறுனாத்தான உதிரும்!"

பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார். ஏறிப் போனேன். கண்ணாடியை ஏற்றியிருந்தும் சக்கரத்துக்கு அடியில் கதிர் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"திரும்பி வர்றப்பவும் இப்டியே வாங்க சார்!" என்று அந்தப் பெண் சந்தோஷமாகக் கத்தினாள்.

நான் வேறு வழியாகத் திரும்பினேன்.