கொடி நிறப் பாயின் கீழே ஒரு ஜெபம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய சாட்சி அல்ல இது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேராவூரணிப் பக்கம் ஒரு மடத்து நிலத்தை அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதுவந்தோம். திடீரென்று நிலத்தை விட்டுவிடச் சொன்னார்கள். ஊரே இரண்டுபட்டு நின்றது. நீங்கள் எல்லாரும் எங்களுக்காக உபவாசம் இருந்தீர்கள். என் மனைவி எஸ்தர் அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாள். 'கர்த்தரே எனக்குத் துணை' என்று நானும் இந்த இடத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நேராக ஒரு கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

அது தேர்தல் சமயம். நான் சிங்கப்பூரில் ஒரு படகு கிளப்பில் வேலை பார்த்தவன். அவர்கள் கழித்துப்போட்ட படகுப் பாய் ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். ஸ்பின்னக்கர் என்பார்கள். படகின் முன்னால் பலூன் போல உப்பி நிற்கும். அதன் நிறமும் அந்தக் கட்சிக் கொடியின் நிறமும் ஒன்று. எந்தக் கட்சி என்று இங்கே வேண்டாம்.

"தம்பி, கடற்கரையில நம்ம கூட்டம் நடக்கறப்ப அந்தப் பாயப் படகுல கட்டி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. உங்க நிலத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் செயலாளர். சரிங்கண்ணே என்றேன். எஸ்தரிடம் மூச்சு விடவில்லை.

அந்தப் பாய்க்கு இரண்டு ஆள் வேண்டும். இங்கே யாருக்கும் பழக்கமில்லை என்று தனியாகவே ஒரு சின்ன நாட்டுப் படகில் போனேன். எனக்கும் என்ன பழக்கம்? கிளப்பில் படகு கழுவினேன், மற்றவர்கள் பாய் ஏற்றுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கயிறுகளை எல்லாம் வைக்கோல் பாரத்துக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. வண்டிக்கு நல்லது. கடலில் அதுவே எமன்.

மேல்காற்று பிடித்ததும் படகு கிழக்கே பறந்தது. சுக்கானை விட்டால் கவிழும். பிடித்திருந்தால் முடிச்சுக்குக் கை எட்டாது. துண்டை வீசினேன். கரையில் இருந்தவர்களும் துண்டை வீசினார்கள். எதிரே வந்த படகுகளில் வேறு கட்சிக் கொடி. நான் கத்தக் கத்த அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிரசாரம் என்று நினைத்துவிட்டார்கள். கரை கோடாகி, அதுவும் மறைந்தது.

சபையில் மணிக்கணக்கில் ஜெபிக்கிற எனக்கு அன்று வாய் வரவில்லை. அந்தப் பாயின் கீழே உட்கார்ந்துகொண்டு அவர் பெயரைச் சொல்லவே கூசியது. கடைசியில், "ஆண்டவரே, நான் கேக்கத் தகுதியில்ல. எஸ்தருக்காகக் காப்பாத்துங்க" என்று அழுதேன்.

பொழுது சாயும் முன்னே ஒரு இன்ஜின் படகு பின்னால் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களில் ஒருவர், மாரிமுத்து. கயிறுகளை அரிவாளால் அறுத்தார். பாய் தண்ணீரில் விழுந்தது.

"மொதல்ல நானும் வேடிக்கையின்னுதான் விட்டேங்க. வீட்டுல போய்ச் சொன்னா, நடுக்கடல்ல யாருகிட்ட ஓட்டுக் கேக்கப் போறாரு, போய்ப் பாருங்கன்னு எம் பொஞ்சாதிதான் வெரட்டுனா" என்றார். அவளைப் பேசவைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அவர் என் படகைக் கட்டி இழுத்துவந்தபோது கூட்டம் இன்னும் கலையவில்லை. கரையில் இறங்கியதும் செயலாளர் என் கழுத்தில் மாலையைப் போட்டார். 'நடுக்கடல் வரை நம் கொடியைக் கொண்டுசென்ற வீரர்' என்று மைக்கில் அறிவிப்பு. கைதட்டல். மாரிமுத்து ஓரமாக, ஈரத்தோடு நின்றார். என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "நான் கொடி காட்டப் போகலைங்க. சாகக் கெடந்தேன். கர்த்தர் இவர அனுப்புனாரு" என்றேன். முதல் வார்த்தையிலேயே மைக்கை அணைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு எதுவும் கேட்கவில்லை. திரும்பினேன். "எனக்குக் கேட்டுச்சுங்க" என்றார் மாரிமுத்து.

நிலம் போய்விட்டது. இப்போது தேங்காய் லோடு ஏற்றுகிறேன். எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மானம் கெட்டு நிற்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், அந்த வெட்கத்தோடேயே அவரிடம் போங்கள். எனக்கு அவர் காதை மூடிக்கொள்ளவில்லை. அன்று கூட்டத்துக்குக் கேட்காமல் போனதை இன்று உங்கள் காதில் போட்டுவிட்டேன். அவருக்கே ஸ்தோத்திரம்.