பட்டி பார்த்த பீம்

வாரக் கடைசியில் வீட்டில் ஒட்டடை அடிப்பது கட்டட மேஸ்திரியான அவரது வேலை. உயரமானவர், ஸ்டூல் தேவையில்லை. கூடத்தின் குறுக்கே ஓடும் பீமுக்கு வந்ததும் மட்டும், தூங்குகிறவர் முகத்தைத் துடைப்பதுபோலக் கை மெதுவாகிவிடும். மனைவி அதைப் பார்த்திருக்கிறாள். கேட்டதில்லை.

அவளுக்கு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'பீம் அக்கா'. முழங்கை நீளப் பீம்களின் அடியில் அறுக்கும் சக்கரத்தால் ஒரு வெட்டுப் போட்டு, இயந்திரத்தில் வைத்து மேலிருந்து அழுத்துவாள். வெட்டு இல்லாதது முரண்டு பிடிக்கும். வெட்டு உள்ளது குறைந்த பாரத்திலேயே பிளக்கும், அதுவும் வெட்டின் நுனியிலிருந்து. சிலவற்றில் பழைய விரிசல் சாய்வாகக் கிடக்கும். நேராக ஏறிவரும் புது விரிசல் அதைக் கண்டதும், தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல அதன் வழியே திரும்பிவிடும். சில சமயம் அங்கேயே நின்றும்விடும். நிற்குமா திரும்புமா என்று சாப்பாட்டு வேளையில் பந்தயம் கட்டுவார்கள். அவளும் தோற்றிருக்கிறாள்.

இந்த வாரம் கேட்டே ஆகவேண்டியிருந்தது. மகளும் மருமகனும் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இவர்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை எழுப்புவதாக முடிவு. மகள் இப்போதே மொட்டை மாடியில் சமையலறைக்கு சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த பீம்ல என்ன?"

"லேசா ஒரு கீறல். கட்டின புதுசுல விழுந்தது. பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சாச்சு."

அவள் ஸ்டூல் போட்டு ஏறி, கத்தியால் பெயின்டையும் கீறலை அடைத்திருந்த பட்டிப் பூச்சையும் சுரண்டினாள். ஈரத்துணியால் அந்த இடத்தை நனைத்துவிட்டுக் காத்திருந்தாள். சுற்றிலும் காய்ந்தது. ஒரு கோடு மட்டும் காயாமல், கறுத்து, பீமின் பாதி உயரம்வரை சாய்வாக நின்றது.

"முழுப் பூசணிக்காயைப் பட்டியில மறைச்சிருக்கீங்க."

"இருபது வருஷமா அசையலையே."

"இருபது வருஷமா அது தலைமேல யாரும் ஏறலையே."

"எத்தனை வீட்டுக்கு இப்படிப் பூசியிருக்கேன். ஒண்ணும் விழல."

"விழும்னு நான் சொல்லல. விழாதுன்னு சொல்ல வாய் வரல. இன்ஜினியர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் ஒரு செங்கல் ஏறக்கூடாது."

கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு மகள் இறங்கி வந்து நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

"அப்ப நாங்க எங்கம்மா போறது? மாசக் கடைசியில வீட்டை விடணும்."

"எங்க ரூமை எடுத்துக்குங்க. நாங்க கூடத்துல படுத்துக்கறோம்."

"இந்த பீமுக்குக் கீழயா?"

"இத்தனை நாளும் இதுக்குக் கீழதானேடி இருந்தோம்."

மகள் சிரிக்கவில்லை. கறுத்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லத் திரும்பினாள்.

"அப்பா, இது தெரிஞ்சுதான் என்னைக் கோடு போட விட்டீங்களா?"

மேஸ்திரி ஸ்டூலில் கிடந்த ஈரத்துணியை எடுத்துப் பிழிந்தார். அதில் பிழிய ஒன்றும் இல்லை. அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தைவிட்டு வெளியே போனார்.