தாஜுன்னிசா கொடுத்த தண்ணீர்

ஸ்கேன் சென்டரில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "தண்ணி குடுக்கறதுங்க" என்பாள் கோட்டைமேட்டு தாஜுன்னிசா. விளையாட்டுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே அதுதான் வேலை. வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுக்க வருகிறவர்களுக்கு மருந்து கலந்த தண்ணீர் ஒரு ஜக்கு கொடுத்து, முக்கால் மணி நேரத்துக்குள் குடிக்க வைக்க வேண்டும். கசக்கும். கெஞ்சியும் மிரட்டியும் ஆறு வருஷமாகக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் சீட்டில் 'குடித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

1996 தை மாதம் சென்னிமலையிலிருந்து வள்ளியாத்தாள் வந்தாள். கணவன் ராசப்பனோடு பெட்ஷீட் தறி ஓட்டுகிறவள். இரைப்பையில் புற்றுநோய். அறுத்தெடுத்தால் பிழைப்பாளா, அறுப்பதே வீணா என்பதை இந்தப் படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல வேண்டும்.

"ஏனுங்கக்கா, ஒரு சொட்டு விடாமக் குடிச்சிருங்க."

"ஆகட்டுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

அன்றைக்கு நல்ல கூட்டம். தாஜுன்னிசா திரும்பி வந்தபோது ஜக்கு காலி. 'குடித்தார்' என்று எழுதிவிட்டாள்.

டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "சுவர் ரொம்பத் தடிச்சிருக்கு. பின்னால கணையத்தோட ஒட்டிட்ட மாதிரி தெரியுது. ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை" என்று பேனாவைத் திறந்தார்.

சீட்டோடு பக்கத்தில் நின்ற தாஜுன்னிசாவுக்கு என்னவோ உறுத்தியது. ஒரு ஜக்கு குடித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். இன்றைக்குக் கேட்டது யார்? ராசப்பன். அதுவும் மூன்று தடவை.

வராந்தாவுக்கு ஓடினாள். "ஏனுங்கண்ணா, அந்தத் தண்ணிய யாருங்க குடிச்சது?"

ராசப்பன் நெளிந்தார். "இவளுக்கு இன்னைக்குத் தைக் கிருத்திகை விரதமுங்க. பச்சத்தண்ணி பல்லுல படாது. நீங்க மருவாதியாக் குடுத்ததைக் கீழ ஊத்துனா நல்லா இருக்காதுங்களே. நானே குடிச்சுப்போட்டேனுங்க. ஒரே கசப்புங்க."

தாஜுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளியாத்தாளிடம் திரும்பினாள். "ஏனுங்கக்கா, ஆகட்டுங்கன்னு சொன்னீங்களே!"

"ஆகட்டுங்கன்னுதானுங்க சொன்னேன். குடிக்கறேன்னு சொல்லலீங்களே?"

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, 'ஆகட்டுங்க' எப்போதெல்லாம் 'மாட்டேன்' ஆகும் என்று தெரியாதா? தெரியும். கண்ணால் பார்க்காமல் எழுதியது அவள் தப்புதான். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் இந்த மனுஷியே போய்விடுவாள். உள்ளே போய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

டாக்டர் அவளை ஒரு பிடி பிடித்தார். பிறகு பேனாவை மூடினார். "காலி வயிறு சுருங்கித்தான் கிடக்கும். சுவரும் தடிச்சுத்தான் தெரியும். போய்க் குடிக்க வைங்க, மறுபடி எடுக்கலாம்."

வள்ளியாத்தாள் மசியவில்லை. "சீக்கு வந்தப்புறந்தானுங்க விரதத்தைக் கெட்டியாப் புடிச்சிருக்கறேன். முருகன் கோவிச்சுக்குவானுங்க."

"நானும் விடியக்காலையிலிருந்து நோம்புதானுங்கக்கா. சீக்காளிக்கு நோம்பு வேண்டாம்னு எங்களுக்கே சொல்லியிருக்குது. உங்க முருகன் மட்டும் அவ்வளவு கறாருங்களா?"

வள்ளியாத்தாள் அவளுடைய காய்ந்த உதட்டையே பார்த்தாள். "பச்சத்தண்ணி படாமயா அம்மணி ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்துட்டு நிக்கறே?" என்றவள், சென்னிமலை முருகன் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜக்கை வாங்கினாள். முக்கால் மணி நேரமும் தாஜுன்னிசா அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இரண்டாவது படத்தில் இரைப்பை விரிந்திருந்தது. கட்டி இருந்தது, அது எங்கே போகும்? ஆனால் அதற்கும் கணையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி சுத்தமாகத் தெரிந்தது. "எடுத்துடலாம்" என்றார் டாக்டர். தாஜுன்னிசா மருந்து கலக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வேலை போகவில்லை. ஒரு மாதத்துக்குத் திட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வள்ளியாத்தாள் மறுபடி வந்தாள். பாதி இரைப்பையை எடுத்திருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தாள், ஆனால் தறியை விடவில்லை.

"குடிச்சிருங்கக்கா."

"ஆகட்டுங்க."

தாஜுன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். ராசப்பன் எதற்கு வம்பு என்று வராந்தாவின் அந்தக் கோடிக்கே போய்விட்டார். கொஞ்சங் கொஞ்சமாகக் குடித்து முடித்த வள்ளியாத்தாள், ஜக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இப்ப எழுதிக்க அம்மணி."